ஒரு எழுத்துக்கு எட்டுக் கையெழுத்து

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஊசி. ஒல்லியாக இருப்பதால் வைத்தார்கள் என்று ரொம்ப நாள் அவளே நம்பிக்கொண்டிருந்தாள். அது உடம்பைப் பார்த்து வைத்தது இல்லை, வாயைப் பார்த்து வைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. கூட்டத்தில் யாராவது தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. "அது அப்படி இல்ல" என்று ஆரம்பித்து, சொன்னவர் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிற வரைக்கும் விடமாட்டாள். பெயரின் காரணம் தெரிந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பதிலுக்கு அவள் பிரிவுத் தலைவருக்கு வைத்த பெயர் ஸ்லைடு. யார் எதைச் சொல்லப் போனாலும் "அதை ஒரு ஸ்லைடா போட்டுக் கொண்டு வாங்க" என்பார். மாடியில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் போனவனிடமும் அப்படித்தான் கேட்டார். கட்டுக்கதை இல்லை, அந்த ஸ்லைடை ஊசி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு குழாய்ப் படம் இருந்தது, குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கணினி நிரல் எழுதுகிற நாற்பது பேருக்கு அவர்தான் தலைவர். அவர் கடைசியாக ஒரு வரி நிரல் எழுதியது எப்போது என்று கேட்டால் அவருக்கே ஞாபகம் வராது.

அந்தக் கம்பெனி குளிர் அறைகளைக் காவல் காக்கிற சின்னப் பெட்டிகளைச் செய்தது. மருந்துக் கிடங்கு, ரத்த வங்கி, பரிசோதனைக் கூடம் எங்கும் சுவரில் மாட்டியிருக்கும். உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும், குளிர் குறைந்தால் கத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வருஷம் பெட்டிக்குள் புது வெப்பமானி சிப் ஒன்றைப் போட்டார்கள். அன்றிலிருந்து பெட்டிகளுக்குப் பைத்தியம் பிடித்தது.

முதலில் சொன்னது அண்ணி. ஊசி அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணிக்கு ரத்த வங்கியில் குளிர் அறைப் பொறுப்பு.

"உங்க டப்பா இருநூத்தி இருபத்தாறு டிகிரின்னு காட்டுது," என்றாள் அண்ணி, தட்டைக் கழுவிக்கொண்டே. "உள்ளே எல்லாம் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு. டப்பா மட்டும் வெந்துபோற மாதிரி கத்துது."

"எத்தனை டிகிரில வெச்சிருக்கீங்க?"

"மைனஸ் முப்பது."

ஊசி மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். இருநூற்று ஐம்பத்தாறில் முப்பது போனால் இருநூற்று இருபத்தாறு. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. பூஜ்யத்துக்குக் கீழே போகிற எண்ணை, கீழேயே போகாத எண் என்று நினைத்துப் படித்தால் இப்படித்தான் வரும். மறுநாள் அலுவலகத்தில் அரை மணி நேரத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். சிப்பைப் படிக்கிற நிரல் கம்பெனி எழுதியது இல்லை. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருப்பது. அதில் ஓர் இடத்தில், கீழே போகாத எண்ணைக் குறிக்கிற 'u' இருந்தது. கீழேயும் போகிற எண்ணைக் குறிக்கிற 's' இருக்க வேண்டும். ஒரே ஒரு எழுத்து.

ஸ்லைடிடம் போனாள்.

"நம்ம பெட்டியில மட்டும் தனியா மாத்தக் கூடாதும்மா," என்றார் ஸ்லைடு. "பொதுவுல சேர்ந்த பிறகு எடுத்துப் போடறதுதான் நம்ம கொள்கை. நான்தான் அந்த ஸ்லைடு போட்டேன்."

"சரி சார், அப்ப பொதுவுக்கே அனுப்பிடலாம். அதுவரைக்கும் பெட்டி கத்துமே?"

"அதுக்கு சப்போர்ட் மூலமா ஒரு சுற்றறிக்கை விட்டாச்சு. எல்லாரும் சத்தத்தை அடைச்சு வெச்சுக்கச் சொல்லி."

அதனால்தான் அண்ணி பெட்டியின் ஒலிபெருக்கி ஓட்டையில் பஞ்சை வைத்து, மேலே டேப் ஒட்டியிருந்தாள். கடுதாசியில் சொன்னதைச் செய்தாள். காவல்காரன் வாயில் துணியை அடைத்துவிட்டுக் காவல் பலமாக இருக்கிறது என்று நம்பச் சொல்கிற கம்பெனி அது.

பொதுவில் இருக்கிற அந்த நிரலுக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. எங்கேயோ ஒரு நாட்டில் இருக்கிறவர், யாரும் முகம் பார்த்ததில்லை. திருத்தம் அனுப்புகிறவர்கள் பேட்ச் என்று ஒன்றை அனுப்ப வேண்டும். எந்த வரியை எடுத்துவிட்டு எந்த வரியைப் போட வேண்டும், ஏன் போட வேண்டும் என்று சொல்கிற சின்னக் குறிப்பு அது. அதை வெறும் எழுத்தாக, ஈமெயிலில், எல்லாரும் படிக்கிற ஒரு குழுவுக்கு அனுப்ப வேண்டும். படம் கூடாது, இணைப்பு கூடாது, வண்ணம் கூடாது. நிரல் எழுதுகிற கறுப்புத் திரையிலிருந்தே ஒரு கட்டளையைத் தட்டி அனுப்பிவிடலாம். ஒரு நிமிட வேலை.

இதைக் கேட்டதும் ஸ்லைடின் முகம் மலர்ந்தது. "உலகத்துக்கே நாம கொடுக்கிறோம்! இதை நானே அனுப்பறேன்."

அனுப்பினார். மேலே கம்பெனி சின்னம், நடுவில் ஒரு ஸ்லைடு, அதில் நிரலின் புகைப்படம், புகைப்படத்தில் அந்த ஒரு எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, கம்பெனியிலிருந்து போகிற எல்லா மெயிலிலும் தானாக ஒட்டிக்கொள்கிற எச்சரிக்கை: இது உங்களுக்கானது இல்லையென்றால் உடனே அழித்துவிடவும். ஆயிரக்கணக்கான பேர் படிக்கிற குழுவுக்கு இந்த ரகசியத்தை அனுப்பினார்.

பொறுப்பாளரின் பதில் இரண்டு மணி நேரத்தில் வந்தது. "உங்கள் கடிதம் எனக்கானதாக இல்லையென்றால் அழிக்கச் சொல்கிறது. அதில் எனக்கான பேட்ச் எதுவும் இல்லை, ஆகவே அழித்துவிட்டேன். திருத்தத்தை வெறும் எழுத்தாக அனுப்பவும்."

ஸ்லைடு அதை எல்லாருக்கும் அனுப்பிவைத்தார். "பாருங்க, அவரே நேர்ல பதில் போட்டிருக்கார். நல்ல தொடர்பு ஆரம்பிச்சாச்சு."

ஊசி அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், தனியாகச் சிரித்தாள்.

இரண்டாவது முறை அவளையே அனுப்பச் சொன்னார்கள். ஆனால் கம்பெனி மெயிலிலிருந்துதான் போக வேண்டும். அதற்கு ஐ.டி. பிரிவின் அனுமதி வேண்டும். ஐ.டி.காரர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கறுப்புத் திரையிலேர்ந்து மெயிலா? அதெல்லாம் ஹேக்கருங்க பண்றது."

"நான் தினமும் வேலை செய்யறதே அந்தத் திரையிலதான்."

"தாராளமா வேலை செய்யுங்க. மெயில் மட்டும் அனுப்பாதீங்க."

ஆறு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். 'காரணம்' என்ற இடத்தில் அவள் 'வேலை' என்று எழுதினாள். போதாது என்று திரும்பி வந்தது. அனுமதி வரப் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் ஸ்லைடு இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பேட்சின் கடைசி வரியில், இது என் வேலை, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லி எழுதியவர் தன் பெயரைப் போட வேண்டும். கையெழுத்து என்று ஒன்று இருந்தால் அதைப் போட அவருக்குக் கை அரிக்கும். அவர் போட்டார். அவருக்கு மேலே இருக்கிறவர் போட்டார். திட்ட மேலாளர், தர மேலாளர், இதற்காகப் போட்ட கூட்டத்தில் குறிப்பெடுக்க வந்தவர் என்று எட்டுப் பேர் ஆயிற்று. ஊசி ஏழாவதாக இருந்தாள்.

"சார், 'எழுதியவர்'னு இருக்கிற இடத்துல உங்க பேர் வந்திருக்கு."

"டீம் வொர்க்தானேம்மா."

"மாத்தினது ஒரே எழுத்துதான் சார்."

"அதனால என்ன? ஆளுக்குக் கொஞ்சம்."

அதுவும் போயிற்று. போகிற வழியில் கம்பெனியின் மெயில் எந்திரம் அதில் கைவைத்தது. வரிகளுக்கு முன்னால் இருந்த இடைவெளிகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி, அடியில் அந்த எச்சரிக்கையை மறக்காமல் ஒட்டியது. பொறுப்பாளர் எழுதினார்: "இடைவெளிகள் சிதைந்திருப்பதால் பேட்ச் ஒட்டவில்லை. இன்னொன்று. ஓர் எழுத்தை எட்டுப் பேர் சேர்ந்து எழுதியது எப்படி என்று தெரிந்துகொள்ள ஆவல்."

இதற்குப் பதில் எழுத ஒரு குழு அமைத்தார்கள்.

குழு முதல் தடவை கூடுவதற்குள் ரத்த வங்கியில் அது நடந்தது. ஒரு நாள் மதியம் குளிர் அறையின் கம்ப்ரஸர் நின்றுபோயிற்று. பெட்டி கத்தியது. ஆனால் அது ஒரு மாதமாகப் பஞ்சுக்குள் கத்திக்கொண்டேதான் இருந்தது. பொய்யாகக் கத்துவதற்கும் மெய்யாகக் கத்துவதற்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. சாயங்காலம் அண்ணி கதவைத் திறந்தபோது தரையெல்லாம் ஈரம். அறுபத்திரண்டு பை பிளாஸ்மா இளகிக் கிடந்தது. எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று.

அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அறுபத்திரண்டு பை," என்றாள். "ஒவ்வொண்ணும் ஒருத்தர் கைய நீட்டிப் படுத்துக் குடுத்தது. பஞ்ச வெச்சது நான்."

"வெக்கச் சொன்னது எங்க ஆபீஸ், அண்ணி."

"சொன்னாங்க. நான் ஏன் வெச்சேன்? எனக்கு எங்க போச்சு புத்தி?"

ஊசி குனிந்து அண்ணியின் செருப்பைக் கழற்றினாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்லைடு அறிக்கை கொடுத்தார். அது ஒரு ஸ்லைடு என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் பஞ்சும் டேப்பும் வைத்த பெட்டியின் படம். கீழே ஒரு வரி: 'எச்சரிக்கை ஒலியை வாடிக்கையாளரின் ஊழியர் அடைத்துவைத்ததே காரணம்.' சுற்றறிக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது போனது தொலைபேசி வழியாகவும் தனித்தனிக் கடிதமாகவும்தான். கம்பெனியின் பொதுப் பக்கத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. ரத்த வங்கியில் அண்ணி மேல் விசாரணை வைத்தார்கள். கடிதத்தைத் தேடினாள். அது மேலதிகாரியின் மேசையில் எங்கோ போய்விட்டிருந்தது.

அன்று மதியம் ஊசி தன் இடத்தில் உட்கார்ந்து, திருத்தத்துக்கு மேலே இன்னொரு பேட்ச் எழுதினாள். யாருக்கும் அனுப்புவதற்காக இல்லை. வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள. அந்த ஒரு எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று வரி விளக்கம்:

'இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பது எங்கள் பிரிவுத் தலைவரின் மூளைக்கு எட்டாது. அங்கே எதுவும் பூஜ்யத்துக்கு மேலேயே போனதில்லை.

ஒலியை அடைக்கச் சொல்லி எல்லா வாடிக்கையாளருக்கும் சுற்றறிக்கை விட்டவர் அவரே.

அறுபத்திரண்டு பை பிளாஸ்மா வீணான பிறகு, பழியை ரத்த வங்கி ஊழியர் மேல் போட்டவரும் அவரே.'

எழுதியதும் மூச்சு சீரானது. அழித்துவிடலாம் என்று நினைத்தாள். அழிக்கவில்லை, திருத்தம் இருந்த ஃபோல்டரிலேயே விட்டுவைத்தாள். இரண்டாம் முறை படித்தபோது முதல் வரி அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று.

விடுமுறை நாள் காலையில், சாப்பாட்டு மேசையில் அலுவலக மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொதுவில் கொடுக்கலாம் என்ற அனுமதி ஸ்லைடின் மெயிலிலேயே இருந்தது. எந்த மெயிலிலிருந்து போகிறது என்பதுதான் மிச்சம். தன் சொந்த மெயிலிலிருந்து, தன் ஒரே பெயரோடு அனுப்பப் போகிறாள். அண்ணி எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள் அண்ணி.

"செஞ்சிருக்கலாம்."

"ஏன் செய்யல?"

"அவங்க எப்படியெல்லாம் அசிங்கப்படறாங்கன்னு பார்த்துட்டு இருந்தேன்."

அண்ணி சட்டையின் கையை மடித்தாள். ஊசிக்கு முகம் சுட்டது. திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கட்டளையைத் தட்டினாள். முடிவில் பேட்ச் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். அவள் கோப்பு இருந்த ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தாள். அனுப்பலாமா என்று கேட்டது. ஆமாம் என்றால் ஒரு எழுத்து, வேண்டாம் என்றால் ஒரு எழுத்து, எல்லாவற்றையும் அனுப்பு என்றால் இன்னொன்று. அவள் அவசரத்தில் அந்த இன்னொன்றைத் தட்டினாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு அண்ணி. அவ்வளவுதான். இதுக்குத்தான் ஒரு மாசம்..."

நின்றாள். திரையில் 'இரண்டில் இரண்டு' என்று இருந்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். போன கடிதத்தைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. குழுவின் பொதுப் பக்கத்தைத் திறந்தாள். இரண்டும் அங்கே இருந்தன. தேதி, நேரம், அவள் பெயர், மூன்று வரி, எல்லாம் பளிச்சென்று. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எத்தனை வருஷம் கழித்தும் படிக்கலாம்.

"என்னடி ஆச்சு? முகம் ஏன் இப்படிப் போச்சு?"

ஊசி திரையை அண்ணி பக்கம் திருப்பினாள். அண்ணி மூன்று வரியையும் நிதானமாகப் படித்தாள். முதல் வரியில் அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது. மூன்றாவது வரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலை போயிடுமா?"

"தெரியல."

அழித்துவிடும்படி கெஞ்சிப் பொறுப்பாளருக்கு எழுதினாள். மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. "குழுவுக்கு வந்த கடிதங்களை அழிப்பதில்லை. முதல் பேட்ச்: சரியாக இருக்கிறது, சேர்த்துக்கொண்டேன், நன்றி. இரண்டாவது பேட்ச்: அதில் சொல்லப்பட்டிருப்பதை என்னால் சரிபார்க்க முடியாது, சேர்க்கவில்லை."

அடுத்த நாள் வேறொரு நாட்டிலிருந்து ஒரு கடிதம் அதே குழுவுக்கு வந்தது. எழுதியவர் ஒரு மருத்துவமனையில் எந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். "என் பொறுப்பில் பன்னிரண்டு பெட்டிகள் இருக்கின்றன. முதல் பேட்சைப் போட்டுச் சோதித்தேன், சரியாக வேலை செய்கிறது. இரண்டாவது பேட்சைப் பற்றி: அந்தச் சுற்றறிக்கை எங்களுக்கும் வந்தது. முழுவதையும் கீழே தருகிறேன்."

தந்திருந்தார். தேதியோடு, எண்ணோடு, அடியில் ஸ்லைடின் பெயரோடு, வெறும் எழுத்தாக. அண்ணி அதை அச்செடுத்து விசாரணைக்குக் கொண்டுபோனாள். விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. முடிந்தது என்று அண்ணியிடம் சொன்னவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மேலதிகாரி, கடிதம் தன் மேசையில்தான் இருந்ததாக ஞாபகம் வருகிறது என்று மட்டும் சொன்னாராம்.

கம்பெனியில் ஊசியை ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர். அம்மா மூன்று வரியையும் அச்செடுத்து, முதல் வரிக்கு மட்டும் மஞ்சள் பூசி வைத்திருந்தார்.

"ஒரு மேலதிகாரியைப் பத்தி, 'மூளைக்கு எட்டாது'ன்னு... இது எந்த மாதிரி மொழி?"

"தப்புதான் மேடம். ரெண்டாவது வரியையும் படிச்சீங்களா?"

"இப்ப முதல் வரியைப் பத்திப் பேசிட்டு இருக்கோம்."

முக்கால் மணி நேரம் முதல் வரியைப் பற்றியே பேசினார்கள். மரியாதை, பண்பு, மேலிருப்பவர் மனம் புண்படுதல். ஒவ்வொரு முறையும் ஊசி இரண்டாவது வரிக்கு இழுத்தாள். ஒவ்வொரு முறையும் மஞ்சளுக்குத் திருப்பினார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர்கள் ஒளிந்துகொள்ளும் இடத்தை அவளே கட்டிக் கொடுத்திருக்கிறாள். முதல் வரி இல்லாமல் இருந்திருந்தால் இந்த அறையில் பேசுவதற்கு வேறு எதுவும் இருந்திருக்காது. தன் வாயை நினைத்து அவள் வெட்கப்பட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வேலை போகவில்லை. அவளைத் துரத்தினால் அதுவும் அந்தக் குழுவில் வந்துவிடுமோ என்று பயந்திருக்கலாம். சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். திருத்தம் பொதுவில் சேர்ந்துவிட்டதால், கொள்கைக்கு எந்தப் பங்கமும் இல்லாமல், எல்லாப் பெட்டிகளுக்கும் புது மென்பொருள் போயிற்று. ஒரு வாரத்தில் எல்லாம் மைனஸைக் காட்ட ஆரம்பித்தன. இந்தக் கோளாறை விரைந்து தீர்த்ததற்காக ஸ்லைடுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு அவர் இருபது நிமிடம் பேசினார். தலைப்பு, வெளிப்படைத்தன்மை.

ஊசி கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுதும் கேட்டாள். எத்தனையோ இடத்தில் "அது அப்படி இல்ல" என்று நாக்கு நுனிக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் காலை லிஃப்டில் அவளும் ஸ்லைடும் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். ஆறாவது மாடிக்குப் போக வேண்டும். முதல் மாடி வரைக்கும் இருவரும் எண் மாறுவதையே பார்த்தார்கள். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த முதல் வரி," என்றார், எண்ணைப் பார்த்துக்கொண்டே. "கொஞ்சம் அதிகம்மா அது. என் பொண்ணு படிச்சா."

ஊசி திரும்பி அவரைப் பார்த்தாள். கேலி செய்ய ஒன்றும் அகப்படவில்லை. காலர் ஓரத்தில் சவரம் செய்தபோது வெட்டிக்கொண்ட சின்னக் காயம் தெரிந்தது.

"அதிகம்தான் சார். அதுக்கு மன்னிச்சுக்கோங்க. மனசார கேக்கறேன்."

அவர் தலையை ஆட்டினார். தோள் கொஞ்சம் இளகியது.

"ரெண்டாவது வரி சார்?" என்றாள் ஊசி.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்று கதவு திறந்தது. ஏற யாரும் இல்லை. அங்கே அலுவலகம் எதுவும் கிடையாது. உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கிற இடம். ஸ்லைடு ஒரு விநாடி வெளியே பார்த்தார். பிறகு கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, ரொம்ப அவசர வேலை இருக்கிறவர் மாதிரி, அந்த நாற்காலிகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து போனார்.